கீமோகைன் ஏற்பிகளைச் சாயமேற்றிக் காண்பது: குளோன் தேர்விலிருந்து வரைபடம் வரை

பினாங்கில் கெலுகோர் பக்கத்து ஆய்வகம் ஒன்றில் மனித ரத்தச் செல்களுக்கு, ஒளிரும் சாயம் இணைத்த எதிர்ப்பொருள்களால் சாயமேற்றி, ஒவ்வொரு செல்லின் ஒளிர்வையும் லேசரால் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். புதிதாகச் சேரும் முதுகலை மாணவர்களும் முனைவர் பட்ட மாணவர்களும் என்னிடம் கொண்டுவரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, சிடி3 நன்றாக வருகிறது, சிடி4 நன்றாக வருகிறது, சிசிஆர்7 மட்டும் வரவே இல்லை. எதிர்ப்பொருள் கெட்டுவிட்டதா?" சிடி3, சிடி4 ஆகியவை டி செல்களை அடையாளம் காட்டும் மேற்பரப்புக் குறிகள்; சிசிஆர்7 ஒரு கீமோகைன் ஏற்பி. பத்தில் ஒன்பது முறை எதிர்ப்பொருள் கெட்டிருக்காது. ஐஸ் தட்டில் அரை மணி நேரம் வைத்துச் சாயமேற்றியிருப்பார்கள். அதே ரத்தத்தை, அதே குப்பியிலிருந்து எடுத்த எதிர்ப்பொருளுடன் 37 டிகிரி செல்சியஸில் மறுபடியும் வைத்துப் பார்த்தால், ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த இரண்டு கூட்டங்கள் தனித்தனியே பிரிந்து நிற்கும். கீமோகைன் ஏற்பிகளை மற்ற மேற்பரப்புக் குறிகளைப் போல நடத்தக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காட்சியே போதுமான சான்று. ஏன் அப்படி என்பதையும், ஒவ்வொரு படியிலும் எதைத் தீர்மானிக்க வேண்டும் என்பதையும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஏற்பியின் இயல்பு

கீமோகைன்கள், வெள்ளை அணுக்கள் எந்தத் திசையில் நகர வேண்டும் என்பதைச் சொல்லும் சிறு புரதங்கள். அவற்றைப் பிடிக்கும் ஏற்பிகள் செல் சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்லும் ஜி-புரத இணைப்பு ஏற்பிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மனிதரில் சிசிஆர்1 முதல் சிசிஆர்10 வரையும், சிஎக்ஸ்சிஆர்1 முதல் சிஎக்ஸ்சிஆர்6 வரையும், அவற்றுடன் எக்ஸ்சிஆர்1, சிஎக்ஸ்3சிஆர்1 ஆகியவையும் உள்ளன. சமிக்ஞையைக் கடத்தாமல் கீமோகைன்களைப் பிடித்து அகற்றும் இயல்பற்ற ஏற்பிகள் தனிக் குழுவாக வைக்கப்படுகின்றன. வெள்ளை அணுக்களின் மேற்பரப்புக் குறிகளுக்கு எண் தரும் சிடி வரிசையிலும் இவற்றில் பலவற்றுக்கு இடம் உண்டு: சிஎக்ஸ்சிஆர்3 என்பது சிடி183, சிஎக்ஸ்சிஆர்4 என்பது சிடி184, சிஎக்ஸ்சிஆர்5 என்பது சிடி185, சிசிஆர்4 என்பது சிடி194, சிசிஆர்5 என்பது சிடி195, சிசிஆர்6 என்பது சிடி196, சிசிஆர்7 என்பது சிடி197. பட்டியலில் தேடும்போது இரண்டு பெயர்களிலும் தேடுவது நல்லது.

எதிர்ப்பொருளைத் தேர்பவருக்கு இந்த அமைப்பிலிருந்து இரண்டு விளைவுகள் முக்கியமானவை. முதலாவது, ஏழு முறை சவ்வுக்குள் புகுந்து வெளிவரும் இந்தப் புரதத்தில் வெளிப்பக்கம் தெரிவது கொஞ்சமே: அமினோ முனையின் ஒரு சிறு வாலும் மூன்று வளைவுகளும் மட்டும்தான். அவற்றின் வடிவம், ஏற்பி சவ்வுக்குள் சரியாக மடிந்திருக்கும்போதுதான் நிலைக்கிறது. ஆகவே வெறும் பெப்டைடு துண்டைச் செலுத்தி உருவாக்கிய எதிர்ப்பொருள்கள் புரதத்தின் மடிப்பைக் குலைத்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் அழகான பட்டையைக் காட்டிவிட்டு உயிருள்ள செல்லில் ஒன்றுமே பிடிக்காமல் போவது உண்டு. அந்த அமினோ முனையில் உள்ள டைரோசின்கள் பலவற்றில் சல்பேட்டு சேர்க்கப்பட்டிருக்கும் என்பதும், செயற்கைப் பெப்டைடில் அது இருக்காது என்பதும் இதற்கு இன்னொரு காரணம்.

இரண்டாவது விளைவு இன்னும் பெரியது. இந்த ஏற்பிகள் ஓர் இடத்தில் நிற்பவை அல்ல. தமக்குரிய கீமோகைன் வந்து ஒட்டியதும் செல்லுக்குள் இழுக்கப்படுகின்றன. சில அங்கேயே சிதைக்கப்படுகின்றன, சில மறுபடியும் மேற்பரப்புக்கு வருகின்றன. சிசிஆர்7 ஏற்பிக்கு சிசிஎல்19, சிசிஎல்21 என்று இரண்டு துணைக் கீமோகைன்கள் இருந்தும், அதை உள்ளே இழுத்துச் செல்வதில் சிசிஎல்19 வல்லது, சிசிஎல்21 அவ்வளவு வல்லதல்ல. சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பியின் கணிசமான பங்கு எப்போதும் செல்லுக்குள் இருப்பாகக் கிடக்கிறது. ரத்தத்திலிருந்து பிரித்த செல்களை ஓர் இரவு வளர்ப்பூடகத்தில் வைத்தாலே அது மேற்பரப்புக்கு ஏறிவிடும். ஆகவே எதிர்ப்பொருள் காட்டும் எண், நீங்கள் செல்லை எப்படி நடத்தினீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. வரைபடத்தில் ஏற்பி இல்லாததுபோல் தெரிவதை, ஏற்பி இல்லை என்று எழுதிவிடக் கூடாது.

கேள்வியை முதலில் எழுதிக்கொள்ளுதல்

குப்பியைத் திறப்பதற்கு முன் ஒரு வரியை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கணத்தில் மேற்பரப்பில் இருப்பதை அளக்கிறேனா, மேற்பரப்புக்கும் உட்புறத்துக்கும் இடையே சுற்றிக்கொண்டிருப்பதை அளக்கிறேனா, அல்லது செல்லுக்குள் உள்ள மொத்தத்தையும் அளக்கிறேனா? 37 டிகிரியில் சாயமேற்றும்போது, அந்த அரை மணி நேரத்தில் மேலே வந்துபோகும் ஏற்பிகளும் எதிர்ப்பொருளைப் பிடித்துக்கொள்வதால், ஒளிர்வு உயர்கிறது. டி செல்களை வகைப்படுத்துவதுதான் நோக்கம் என்றால் அது நமக்கு நன்மை. ஒரு மருந்து ஏற்பியை உள்ளே இழுக்கிறதா என்று பார்ப்பதே நோக்கம் என்றால் அதே வெப்பம் உங்கள் விடையைக் கலைத்துவிடும். அங்கே செல்களை உடனே குளிர்வித்து 4 டிகிரியில் சாயமேற்ற வேண்டும். மொத்தத்தை அளக்க வேண்டுமானால் செல்லை நிலைப்படுத்தித் துளையிட்ட பிறகு சாயமேற்ற வேண்டும். அதற்கு, நிலைப்படுத்திய பிறகும் எபிடோப்பை, அதாவது எதிர்ப்பொருள் ஒட்டும் இடத்தை, அடையாளம் காணும் குளோன் (ஒரே செல்வழியிலிருந்து வரும், ஒரே இடத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்) தேவை. இந்த மூன்றுக்கும் ஒரே நடைமுறை பொருந்தாது.

குளோனைத் தேர்தல்

எதிர்ப்பொருள் வாங்கும்போது நிறுவனத்தின் பெயரைவிடக் குளோனின் பெயர் முக்கியம். ஒரே குளோன் பல நிறுவனங்களிடம் கிடைக்கும். ஒரே நிறுவனத்திடம் ஒரே ஏற்பிக்கு மூன்று குளோன்கள் கிடைக்கும். ஒரு கட்டுரையின் முடிவை மீட்டெடுக்க விரும்பினால் அவர்கள் பயன்படுத்திய குளோனையே வாங்க வேண்டும்.

சிசிஆர்7 ஏற்பிக்கு எங்கும் புழங்குபவை 150503, ஜி043எச்7 என்ற இரண்டு சுண்டெலிக் குளோன்களும் 3டி12 என்ற எலிக் குளோனும். என் அனுபவத்தில் ஜி043எச்7 குளோனும் 150503 குளோனும் 37 டிகிரியில் தெளிவான பிரிவைத் தருகின்றன; 3டி12 பழைய கட்டுரைகளில் அதிகம் வருவதால் ஒப்பீட்டுக்கு உதவும். சிஎக்ஸ்சிஆர்3 ஏற்பிக்கு ஜி025எச்7, 1சி6 ஆகியவையும், சிசிஆர்6 ஏற்பிக்கு ஜி034ஈ3, 11ஏ9 ஆகியவையும், சிசிஆர்4 ஏற்பிக்கு எல்291எச்4, 1ஜி1 ஆகியவையும், சிஎக்ஸ்சிஆர்5 ஏற்பிக்கு ஜே252டி4, எலியில் உருவான ஆர்எஃப்8பி2 ஆகியவையும், சிசிஆர்2 ஏற்பிக்கு கே036சி2 குளோனும், சிஎக்ஸ்3சிஆர்1 ஏற்பிக்கு எலியில் உருவான 2ஏ9-1 குளோனும் பரவலாகப் பயன்படுகின்றன. எலிக் குளோனா சுண்டெலிக் குளோனா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சாயங்களுக்கு இடையேயான கசிவைத் திருத்தப் பயன்படும் மணிகளுள் சில ஒரு விலங்கின் எதிர்ப்பொருளை மட்டுமே பிடிக்கும்.

சிசிஆர்5, சிஎக்ஸ்சிஆர்4 ஆகியவற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாக நேரம் ஒதுக்க வேண்டும். எச்ஐவி செல்லுக்குள் நுழைய சிடி4 மட்டும் போதாது, இந்த இரண்டில் ஒன்றும் துணை வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டு தெரியவந்ததிலிருந்து இவற்றுக்கான எதிர்ப்பொருள்கள் மிக நுணுக்கமாக ஆராயப்பட்டுள்ளன. அதிலிருந்து கிடைத்த பாடம் இந்தக் குடும்பம் முழுவதற்கும் உதவும்: ஒரே செல்லின் மேற்பரப்பில் ஒரே ஏற்பி பல வடிவ நிலைகளில் இருக்கிறது, ஒவ்வொரு எதிர்ப்பொருளும் அவற்றில் ஒரு பகுதியை மட்டுமே அடையாளம் காண்கிறது. சிசிஆர்5 ஏற்பியின் இரண்டாம் வெளி வளைவைப் பிடிக்கும் 2டி7 குளோனும், அமினோ முனையைப் பிடிக்கும் 3ஏ9 குளோனும் ஒரே மாதிரியில் ஒரே எண்ணைத் தர வேண்டிய கட்டாயம் இல்லை. சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பிக்குப் பெயர்பெற்ற 12ஜி5 குளோனும் இப்படித்தான், எல்லா சிஎக்ஸ்சிஆர்4 மூலக்கூறுகளையும் அது பிடிப்பதில்லை. மேலும், 2டி7 கீமோகைன் ஒட்டும் இடத்தையே மறைப்பதால், சாயமேற்றிப் பிரித்த செல்களைப் பின்னர் நகர்வுச் சோதனைக்கு எடுத்துச்செல்ல நினைப்பவர்கள் அந்தக் குளோனைத் தவிர்க்க வேண்டும்; அது சாயத்தோடு தடையையும் போட்டுவிடுகிறது.

சிகிச்சை பெறும் நோயாளிகளின் மாதிரியில் இன்னொரு கண்ணி உண்டு. சிசிஆர்4 ஏற்பியைக் குறிவைக்கும் மொகமுலிசுமாப் என்ற மருந்தே ஓர் எதிர்ப்பொருள். ஜப்பான் 2012ஆம் ஆண்டு அதற்கு முதலில் ஒப்புதல் அளித்தது. அதைப் பெற்றவரின் செல்லில் உங்கள் எதிர்ப்பொருள் ஒட்டவேண்டிய இடத்தில் மருந்து ஏற்கெனவே உட்கார்ந்திருக்கலாம். இரண்டும் போட்டியிடுகின்றனவா என்பதை, மருந்து பெறாதவரின் ரத்தத்தில் மருந்தைக் கலந்து பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே நோயாளியின் மாதிரியைத் தொட வேண்டும்.

நம் நாட்டோடு நெருங்கிய ஒரு செய்தியையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ரத்த வங்கியில் டஃபி ரத்த வகை பார்ப்பவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு கீமோகைன் ஏற்பியைத்தான் எதிர்ப்பொருளால் கண்டறிகிறார்கள். சிவப்பணுவின் மேலுள்ள டஃபி புரதம் கீமோகைன்களைப் பிடிக்கும் ஏற்பி என்பது 1993இல் நிறுவப்பட்டது. இன்று அதன் பெயர் ஏசிகேஆர்1. வைவாக்ஸ் மலேரியாவும், சபா சரவாக் காட்டோரங்களில் குரங்கிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோலெசி மலேரியாவும் சிவப்பணுவுக்குள் நுழையப் பற்றிக்கொள்வது இதே புரதத்தைத்தான்.

சாயத்தைத் தேர்தல்

கீமோகைன் ஏற்பிகளில் பல ஒரு செல்லுக்குக் குறைந்த எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. அதனால் பிரகாசமான சாயங்களை அவற்றுக்கு ஒதுக்கிவிட்டு, சிடி3, சிடி4, சிடி8 போன்று ஏராளமாக இருக்கும் குறிகளை மங்கலான சாயங்களுக்குத் தள்ள வேண்டும். பிஇ, ஏபிசி, பிவி421, பிஇ-சிஒய்7 ஆகியவை ஏற்பிகளுக்கு நல்ல இடங்கள். உங்கள் கருவியில் 561 நானோமீட்டர் மஞ்சள்-பச்சை லேசர் இருந்தால் பிஇ குடும்பச் சாயங்கள் 488 நானோமீட்டர் நீல லேசரில் தெரிவதைவிட மிக நன்றாகத் தெரியும். மங்கலான எஃப்ஐடிசி சாயத்தில் சிசிஆர்7 வாங்கிவிட்டு வருந்தியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிரில்லியன்ட் வகைப் பாலிமர் சாயங்கள் இரண்டோ அதற்கு மேலோ ஒரே குழாயில் சேர்ந்தால் அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பொய்யான மூலைவிட்டக் கோடுகளை வரைபடத்தில் உண்டாக்கும். அதற்கென விற்கப்படும் பஃபரைச் சேர்க்காமல் விடக் கூடாது. பிஇ-சிஒய்7 போன்று இரண்டு சாயங்களை இணைத்துச் செய்த இரட்டைச் சாயங்கள் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் பிரிந்துபோகும் என்பதால், நம் ஊரில் குப்பியை மேசையில் மறந்து வைப்பது குளிர்நாட்டில் மறந்து வைப்பதைவிடக் கேடு.

மாதிரியும் நம் ஊர் வெப்பமும்

நடைமுறைக் குறிப்புகளில் 'அறை வெப்பநிலை' என்று எழுதியிருந்தால் அதன் பொருள் 18 முதல் 25 டிகிரி. குளிரூட்டி அணைக்கப்பட்ட பினாங்கு அறையொன்றின் மதிய வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும். இந்த வேறுபாடு இரண்டு இடங்களில் கடிக்கிறது.

முதல் இடம், ரத்தம் வந்து சேரும் வழி. பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து மாலை நெரிசலில் பாலத்தைக் கடந்து வரும் ரத்தக் குழாய், காரின் பின்னிருக்கையில் ஒரு மணி நேரம் வெந்துபோகலாம். அதற்குப் பயந்து ஐஸ் கட்டிமேல் நேராகப் படுக்கவைப்பதும் தவறு. குளிர் தட்டணுக்களைத் தூண்டும், தூண்டப்பட்ட தட்டணுக்கள் சிசிஎல்5, சிஎக்ஸ்சிஎல்7 போன்ற கீமோகைன்களைக் கொட்டும், அவை சிசிஆர்5, சிஎக்ஸ்சிஆர்2 ஏற்பிகளில் ஒட்டி அவற்றை உள்ளே இழுக்கும். நாங்கள் 20 டிகிரி அளவில் முன்கூட்டியே பதப்படுத்திய ஜெல் பைகளை வெப்பக்காப்புப் பெட்டியில் அடுக்கி, நடுவில் குழாய்களை நிற்கவைத்து, சிறு வெப்பப் பதிவுக் கருவி ஒன்றையும் உள்ளே போட்டு அனுப்பச் சொல்கிறோம். ரத்தம் உறையாமல் தடுக்க ஹெப்பாரினா ஈடிடிஏவா என்பதில் உங்கள் நோக்கத்துக்கேற்ற ஒன்றைத் தேர்ந்து, ஆய்வு முடியும்வரை மாற்றாமல் இருங்கள். ரத்தம் எடுத்த அன்றே சாயமேற்றுவதுதான் சரி. உறைகட்டிய குழாயை எந்தச் சூழ்நிலையிலும் பயன்படுத்தக் கூடாது.

இரண்டாவது இடம், ஃபைக்கால் பிரிப்பு, அதாவது ரத்தத்தை அடர்த்தியான திரவத்தின்மேல் அடுக்கிச் சுழற்றி லிம்போசைட்டுகளையும் மோனோசைட்டுகளையும் பிரிப்பது. 1.077 அடர்த்தி கொண்ட அந்தத் திரவம் 18 முதல் 20 டிகிரியில் வேலை செய்யும்படி அமைக்கப்பட்டது. வெப்பம் ஏறினால் சிவப்பணுக்கள் விரைவாகத் திரண்டு லிம்போசைட்டுகளையும் தம்மோடு சிறைப்பிடித்துக் கீழே கொண்டுபோகும், கிடைக்கும் எண்ணிக்கை குறையும். சென்ட்ரிஃபியூஜின் குளிரூட்டியை 20 டிகிரியில் வைத்து, திரவமும் ரத்தமும் அந்த வெப்பநிலைக்கு வந்த பிறகே அடுக்கி, 400 ஜி விசையில் 30 நிமிடம், பிரேக் போடாமல் சுழற்ற வேண்டும். ஆனால் என் பரிந்துரை, முடிந்தவரை முழு ரத்தத்திலேயே சாயமேற்றுங்கள் என்பதுதான். பிரிப்பதும் உறையவைப்பதும் சில ஏற்பிகளின் ஒளிர்வை மாற்றுகின்றன. உறைந்த செல்களைத்தான் பயன்படுத்த முடியும் என்றால், உருக்கிய பிறகு எத்தனை மணி நேரம் ஓய்வு கொடுத்தீர்களோ அதை எல்லா மாதிரிகளுக்கும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளுங்கள். திசுக்களிலிருந்து செல்களைப் பிரிப்பவர்களும், ஒட்டி வளரும் செல்களை எடுப்பவர்களும் டிரிப்சினைத் தவிர்த்து ஈடிடிஏவால் மெல்லக் கழற்ற வேண்டும். வெளிப்பக்கத்துச் சிறு வாலை டிரிப்சின் வெட்டிவிட்டால் எந்த எதிர்ப்பொருளுக்கும் பிடி கிடைக்காது.

மனித ரத்தம் அனைத்தையும் தொற்றுள்ளதாகவே கருதி, இரண்டாம் வகுப்பு உயிர்ப்பாதுகாப்புப் பெட்டிக்குள் திறங்கள். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், கொடையாளிக்குப் புரியும் மொழியில் எழுதிய சம்மதப் படிவமும் கையில் இல்லாமல் ஊசி எடுக்கக் கூடாது. நம்மவர்களிடம் ரத்தம் கேட்கும்போது தமிழ்ப் படிவத்தைக் கொடுத்து, உட்கார்ந்து விளக்குங்கள்; அதற்கு ஆகும் பத்து நிமிடம் அவர்களுக்கு நாம் கொடுக்கும் மரியாதை.

எவ்வளவு எதிர்ப்பொருள்

நிறுவனம் சொல்லும் அளவை அப்படியே ஏற்காதீர்கள். அந்த அளவின் இரட்டிப்பில் தொடங்கி, பாதி பாதியாக எட்டு நிலைகள் நீர்த்து, ஒவ்வொன்றையும் 100 மைக்ரோலிட்டரில் பத்து லட்சம் செல்களுடன், நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் அதே வெப்பநிலையிலும் நேரத்திலும் சோதிக்க வேண்டும். 4 டிகிரியில் கண்டறிந்த அளவு 37 டிகிரிக்குப் பொருந்தாது. ஒவ்வொரு நிலையிலும் ஒளிரும் கூட்டத்தின் இடைநிலை மதிப்பிலிருந்து ஒளிராத கூட்டத்தின் இடைநிலை மதிப்பைக் கழித்து, ஒளிராத கூட்டத்தின் திட்ட விலக்கத்தை இரட்டித்து அதனால் வகுத்தால் சாயக் குறியீட்டெண் கிடைக்கும். அது உச்சத்தில் இருக்கும் அளவே உங்கள் அளவு. இதற்கு ஒரு பிற்பகல் செலவாகும். பிறகு ஓராண்டு காலம் அந்தச் செலவு திரும்பி வந்துகொண்டே இருக்கும்.

சாயமேற்றும் வரிசை

இப்போது குழாயைக் கையில் எடுப்போம். பிரித்த செல்களாக இருந்தால், முதலில் புரதம் இல்லாத உப்புக் கரைசலில் கழுவி, இறந்த செல்களைக் காட்டும் சாயத்தைச் சேர்த்து 10 முதல் 15 நிமிடம் இருட்டில் வைக்க வேண்டும். அந்தச் சாயம் புரதங்களின் அமீன்களோடு ஒட்டுவது என்பதால் கரைசலில் சீரம் இருந்தால் வீணாகிவிடும். அதன்பின் 2 சதவீதம் கன்றுச் சீரம் கலந்த பஃபரால் கழுவுங்கள்.

அடுத்தது எஃப்சி ஏற்பிகளை மறைத்தல். மோனோசைட்டுகளும் பி செல்களும் எதிர்ப்பொருளின் வாலையே பிடித்துக்கொள்ளும் இயல்புடையவை. மனித ஐஜிஜி (ரத்தத்தில் இயல்பாக உள்ள எதிர்ப்பொருள்) கொண்ட மறைப்பானைச் சேர்த்து 10 நிமிடம் வைத்து, கழுவாமலே அடுத்த படிக்குச் செல்லலாம். சயனின் கொண்ட இரட்டைச் சாயங்களை மோனோசைட்டுகள் தனியாகவும் பிடித்துக்கொள்வதால் அதற்கென உள்ள மறைப்பானையும் சேர்ப்பது நல்லது. இல்லையெனில் மோனோசைட்டுகள் எல்லா ஏற்பிகளையும் கொண்டிருப்பதுபோல் ஒரு மாயத்தோற்றம் கிடைக்கும்.

மூன்றாவதாகக் கீமோகைன் ஏற்பிகளுக்கான எதிர்ப்பொருள்களை மட்டும் சேருங்கள். மற்றவை காத்திருக்கட்டும். 37 டிகிரியில் 15 முதல் 30 நிமிடம். எந்த நேரத்தைத் தேர்ந்தாலும் அதையே கடைசிவரை பின்பற்றுங்கள். காற்று இன்குபேட்டரில் வைத்த குழாய் சூடேற நிறைய நேரம் எடுக்கும், தண்ணீர்த் தொட்டியில் வைத்தது விரைவில் சூடேறும். எனவே 'இருபது நிமிடம்' என்பது இரண்டிலும் ஒன்றல்ல. நாங்கள் தண்ணீர்த் தொட்டியைப் பயன்படுத்தி, மேலே அலுமினியத் தாளால் மூடுகிறோம். இந்தப் படியில் அசைடு கலந்த பஃபரைத் தவிர்க்கிறோம், ஏனெனில் செல்லின் ஆற்றலை முடக்கும் அசைடு, நாம் வேண்டி நிற்கும் அந்த மேலேறும் அசைவையும் முடக்கும். சிசிஆர்7 ஒன்றுதான் வெப்பத்தை இவ்வளவு விரும்புகிறது என்றால் அதை முதலில் தனியாகப் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் பிறகு மற்ற ஏற்பிகளைச் சேர்ப்பதும் நல்ல வழி. பல ஏற்பிகளின் எதிர்ப்பொருள்களை ஒன்றாகக் கலக்கும்போது, ஒவ்வொன்றும் தனியாக இருந்தபோது தந்த ஒளிர்வைக் கலவையிலும் தருகிறதா என்று ஒருமுறையாவது ஒப்பிட்டுப் பாருங்கள்.

நான்காவதாக, கழுவாமல், சிடி3, சிடி4, சிடி8, சிடி45ஆர்ஏ போன்ற மற்ற எதிர்ப்பொருள்களைச் சேர்த்துக் குளிரூட்டிய அறையில் 20 நிமிடம் வையுங்கள். முழு ரத்தமாக இருந்தால் இதற்குப் பிறகுதான் சிவப்பணுக்களை உடைக்க வேண்டும். உடைக்கும் கரைசல்களில் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருப்பதால், முன்னதாகச் சேர்த்தால் எபிடோப் உருமாறிவிடும். பிறகு இரண்டு முறை கழுவி, உடனே ஓட்ட முடியாவிட்டால் 1 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தி, 4 டிகிரியில் இருட்டில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஓட்டிவிடுங்கள். மிச்ச ரத்தமும் குழாய்களும் மஞ்சள் பைக்குள் போகட்டும். நம் சட்டப்படி அவை எஸ்டபிள்யூ404 என்ற அட்டவணைக் கழிவு.

கட்டுப்பாட்டுக் குழாய்கள்

எந்தக் குறியையும் பிடிக்காத ஒத்த வகை எதிர்ப்பொருளைக் கட்டுப்பாடாக வைத்து எல்லைக்கோடு வரைவது பழைய பழக்கம். குறைவாக ஒளிரும் ஏற்பிக்கு அது போதாது. எல்லாச் சாயங்களும் இருந்து, பார்க்கவேண்டிய ஏற்பியின் சாயம் மட்டும் இல்லாத குழாய், அதாவது எஃப்எம்ஓ, ஒவ்வொரு ஏற்பிக்கும் ஒன்று இருக்க வேண்டும்; மற்ற சாயங்களின் கசிவால் ஒளிராத கூட்டம் எவ்வளவு அகன்றிருக்கிறது என்பதை அது ஒன்றுதான் காட்டும். எதிர்ப்பொருளே சரியானதா என்பதற்கு வேறு சான்று வேண்டும். ஆய்வகத்தில் வளர்க்கும் ஜர்கட் என்ற டி செல் வரிசையில் சிஎக்ஸ்சிஆர்4 உண்டு, சிசிஆர்5 இல்லை. மோனோசைட் வகையான டிஎச்பி-1 செல் வரிசையில் சிசிஆர்2 உண்டு. அந்த ஏற்பியின் மரபணுவைச் செலுத்திய எச்ஈகே293 செல்லையும் செலுத்தாத செல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இன்னும் உறுதியானது. இயற்கையே ஒரு சான்றைத் தந்திருக்கிறது: சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்ட நகல் இரண்டையும் பெற்றவர்களின் செல்களில் சிசிஆர்5 மேற்பரப்புக்கு வருவதே இல்லை. ஆனால் அது வட ஐரோப்பிய வம்சாவளியினரிடம்தான் ஓரளவு காணப்படுகிறது. நம் ஊர்க் கொடையாளிகளிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

வரைபடத்தை வாசித்தல்

சிசிஆர்7, சிடி45ஆர்ஏ இரண்டையும் எதிரெதிர் அச்சில் வைத்து டி செல்களை நான்காகப் பிரிக்கும் முறை, சல்லூஸ்டோ, லன்சவெக்கியா குழுவினர் 1999இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. இரண்டும் உள்ளவை இன்னும் அன்னியப் பொருளைச் சந்திக்காத செல்கள். சிசிஆர்7 மட்டும் உள்ளவை மைய நினைவுச் செல்கள். இரண்டும் இல்லாதவை செயல் நினைவுச் செல்கள். சிடி45ஆர்ஏ மட்டும் உள்ளவை முதிர்ந்த செயல் செல்கள். சாயமேற்றுவதில் பிழை நேர்ந்தால் முதல் இரண்டு கூட்டங்களும் பின்னிரண்டில் போய் விழும் என்பதைக் கவனியுங்கள். அதாவது மோசமான சாயமேற்றம், முதுமையடைந்த நோயெதிர்ப்பு மண்டலத்தைப் போன்ற ஒரு படத்தைத் தரும், அதை நம்பி ஒரு முடிவுரையே எழுதிவிட முடியும். இருபது வயதுக் கொடையாளியின் சிடி4 செல்களில் சிசிஆர்7 உள்ளவை சிறுபான்மையாகத் தெரிந்தால், உயிரியலைத் தேடுவதற்கு முன் தண்ணீர்த் தொட்டியின் வெப்பமானியைப் பாருங்கள்.

உதவி டி செல்களின் (டிஎச்) உள்வகைகளில், சிஎக்ஸ்சிஆர்3 இருந்து சிசிஆர்6 இல்லாதவை டிஎச்1. சிசிஆர்4 இருந்து மற்ற இரண்டும் இல்லாதவை டிஎச்2. சிசிஆர்6, சிசிஆர்4 இரண்டும் இருந்து சிஎக்ஸ்சிஆர்3 இல்லாதவை டிஎச்17 என்று பொதுவாகக் கொள்கிறார்கள். சிஎக்ஸ்சிஆர்5 உள்ளவை பி செல்களுக்கு உதவுபவை. மோனோசைட்டுகளில் சிடி14 மிகுந்தவற்றில் சிசிஆர்2 அதிகம், சிடி16 உள்ளவற்றில் சிஎக்ஸ்3சிஆர்1 அதிகம். இந்த எதிரெதிர்ப் போக்கே உங்கள் சாயமேற்றம் சரி என்பதற்கு ஒவ்வொரு மாதிரியிலும் இலவசமாகக் கிடைக்கும் சான்று. சிஎக்ஸ்சிஆர்5 ஏற்பிக்கு அதே வேலையை, ஏறக்குறைய முழுமையாக அதைக் கொண்டிருக்கும் பி செல்கள் செய்யும்.

நோயாளிகளின் மாதிரியில் மிகுந்த நிதானம் வேண்டும். டெங்கிக் காய்ச்சலின்போது ரத்தத்தில் சிஎக்ஸ்சிஎல்10 உயர்கிறது என்பது நன்கு நிறுவப்பட்டது. அது சிஎக்ஸ்சிஆர்3 ஏற்பியின் துணைக் கீமோகைன். அப்படிப்பட்ட ஒருவரின் டி செல்களில் சிஎக்ஸ்சிஆர்3 குறைந்து தெரிந்தால் மூன்று விளக்கங்கள் எழுகின்றன: அந்தச் செல்கள் ரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குப் போயிருக்கலாம், செல்கள் ரத்தத்திலேயே இருந்தும் ஏற்பி உள்ளே இழுக்கப்பட்டிருக்கலாம், அல்லது ஒட்டியிருக்கும் கீமோகைன் எதிர்ப்பொருளின் இடத்தை மறைத்திருக்கலாம். கழுவிய செல்களைக் கீமோகைன் இல்லாத ஊடகத்தில் 37 டிகிரியில் சில மணி நேரம் வைத்து மீண்டும் சாயமேற்றினால், ஏற்பி திரும்பி வருகிறதா என்பது தெரியும். துளையிட்ட செல்லில் உட்புறத்தைச் சாயமேற்றினால் உள்ளே இருக்கிறதா என்பது தெரியும். இந்த இரண்டையும் செய்யாமல் 'சிஎக்ஸ்சிஆர்3 செல்கள் குறைந்தன' என்று எழுதுவதை நான் என் மாணவர்களுக்கு அனுமதிப்பதில்லை.

சதவீதம் மட்டும் போதாத இடங்களில், ஒரு மூலக்கூறுக்கு ஒரு பிஇ என்ற விகிதத்தில் இணைத்த எதிர்ப்பொருளையும், தெரிந்த எண்ணிக்கையில் பிஇ கொண்ட அளவுகோல் மணிகளையும் சேர்த்து ஓட்டினால், ஒரு செல்லில் எத்தனை எதிர்ப்பொருள்கள் ஒட்டின என்ற எண் கிடைக்கும். சிசிஆர்5 போன்று, கூட்டம் இரண்டாகப் பிரியாமல் மெல்லச் சரிந்து செல்லும் ஏற்பிக்கு, எங்கே கோடு போடுவது என்று சண்டையிடுவதைவிட அந்த எண் நேர்மையானது.

புதிய குப்பி வரும்போது

இங்கே எதிர்ப்பொருள்கள் கடல் கடந்து வந்து, செப்பாங் விமான நிலையத்தில் இறங்கி, கிள்ளான் பள்ளத்தாக்கின் முகவர் வழியாக நம் கைக்கு வரப் பல வாரங்கள் ஆகின்றன. பெருநாள் விடுமுறைகள் குறுக்கே வந்தால் இன்னும் கூடும். வந்த பெட்டியைத் திறந்ததும் குளிர்ப்பையின் நிலையைப் புகைப்படம் எடுத்து, தொகுதி எண்ணையும் திறந்த நாளையும் குப்பியிலேயே எழுதுங்கள். எதிர்ப்பொருளை ஒருபோதும் உறையவைக்காதீர்கள். உறைந்தால் பிஇ, ஏபிசி இரண்டும் கெடும். பழைய குப்பியில் குறைந்தது ஐந்து சோதனைகளுக்காவது மிச்சம் இருக்கும்போதே புதியதை வரவழைத்து, ஒரே நாளில், ஒரே கொடையாளியின் ரத்தத்தில், இரண்டையும் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள். இடைநிலை மதிப்பு விலகினால் புதிய குப்பிக்கு அளவு நிர்ணயத்தை மறுபடியும் செய்து, அந்த வரைபடத்தை அச்சிட்டுக் குறிப்பேட்டில் ஒட்டிய பிறகே நோயாளியின் மாதிரிக்கு அதைப் பயன்படுத்தலாம்.